என் பேரைச் சொல்லாதவள்

அந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னிடம் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளே அவனைவிட மூத்தவர்கள். மேஜைமேல் ஒரு தாளை வைத்துக்கொண்டு என் பெண்டாட்டிக்குப் பரீட்சை வைத்தான். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாசம், நூறில் ஏழு போனால் எத்தனை, அதில் இன்னும் ஏழு போனால் எத்தனை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அவள். நல்லா இருந்த காலத்தில் கேட்டிருந்தாலும் முழித்துத்தான் இருப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகக் கேட்டான்: "ஆப்கே பதி கா நாம் க்யா ஹை?"

புருஷன் பேர் என்ன என்கிறான். அவளுக்கு இந்தி நன்றாகவே புரியும். என்னை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் சிரிப்பு மட்டும் தெரிந்தது. அவன் மறுபடி கேட்டான். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சரி, இவர் யார் என்று என்னைக் காட்டிக் கேட்டான்.

"அவுக" என்றாள்.

"அவுகன்னா யாரும்மா?" என்று பக்கத்தில் இருந்த என் மகன் கேட்டான்.

"அவுகதான். வேற யாரு."

மகன் அதை டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னான். அந்த அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். 'அவர் அவர்தானாம்' என்று சொன்னான், அவ்வளவுதான். அவன் மொழிபெயர்த்த லட்சணம் அது. டாக்டர் தாளில் ஒரு சைபர் போட்டான். புருஷனையே அடையாளம் தெரியவில்லை, வியாதி முற்றுகிறது என்றான்.

நான் எழுந்துவிட்டேன். அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள், எங்களில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்கிற வழக்கம் இல்லை என்று இந்தியிலேயே சொன்னேன். "அங்கிள்ஜி, பைட்டியே" என்று உட்காரச் சொன்னான். வீட்டு மனுஷர்கள் யாருமே முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். எனக்குப் பாடம் சொல்கிறான். அவன் ஊர்ப்பக்கத்துப் பெரிய மனுஷிகளும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். முப்பது வருஷம் இந்திக்காரர்கள் வீட்டுக்குள் ஏறி இறங்கியவன் நான், எனக்குத் தெரியாதா? அவன் தன் வீட்டில் யாரையும் கேட்டதில்லை. இதற்குத்தான் இத்தனை வருஷம் படித்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் டெல்லிக்கு வந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கூலருக்குப் புல் மாற்றுகிற வேலை. ஜன்னலுக்கு வெளியே தகரப் பெட்டி மாதிரி ஒன்று நிற்கும், மூன்று பக்கமும் புல் அடைத்து அதன்மேல் தண்ணீர் சொட்டும், உள்ளே காற்றாடி ஓடும். ஏ.சி. வருவதற்கு முன்னால் டெல்லி பிழைத்தது அதை வைத்துத்தான். வருஷா வருஷம் வெயில் தொடங்கும்போது பழைய புல்லைப் பிடுங்கிப் போட்டுப் புதுப் புல் அடைக்க வேண்டும். ஒரு கால் ஜன்னலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே, கீழே மூன்று மாடி. மற்றவன் அடைத்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். நான் அடைத்தால் மழை பெய்த மாதிரி ஒரே சீராக இறங்கும். இதை நானாகச் சொல்லவில்லை, அண்டர் செக்ரட்டரி வீட்டிலேயே சொன்னார்கள்.

அப்புறம் முனிர்காவில் சொந்தக் கடை. அப்புறம் ஏ.சி. காண்ட்ராக்ட். இன்றைக்குப் பதினெட்டுப் பேர் என்னிடம் இருக்கிறார்கள். துவாரகாவில் எட்டாவது மாடியில் ஃபிளாட், யாருடைய சிபாரிசும் இல்லாமல் வாங்கியது. கடை போர்டில் என் பேர் இந்தியில் ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கிறது. டெல்லியில் என் பேரைச் சொல்லாத ஒரே ஆள் என் பெண்டாட்டிதான்.

சொன்னால் என் ஆயுசு குறைந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டு ஆபீசுக்கு அவளைத் தனியாக அனுப்பினேன். ஜன்னலில் இருந்த கிளார்க் புருஷன் பேரைக் கேட்டிருக்கிறான். என் பேர் ஆர்.கே.புரம் மலைமந்திர் கோயில் முருகனுடைய பேர்களில் ஒன்று. இவள் வெளியே திரும்பி, தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தைக் கையால் காட்டியிருக்கிறாள். "புஜாரியா?" என்று கேட்டிருக்கிறான். "இல்ல, உள்ள இருக்காரே, அவரு" என்றிருக்கிறாள். வரிசையே சிரித்திருக்கிறது. கடைசியில் பின்னால் நின்ற ஒரு தமிழ்க்காரம்மா முருகன் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல, என் பேர் வந்ததும் இவள் தலையை ஆட்டினாளாம். கார்டு வாங்கி வந்துவிட்டாள்.

கோயிலிலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை பெண்கள் கூடிச் சாமி பேரை அடுக்கிப் பாடுவார்கள். என் பேர் வருகிற இடத்தில் இவள் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த பேருக்குத் திறக்கும். ஆண்கள் பக்கம் நின்று நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். சாமிக்குப் பாட்டு, எனக்கு அந்த மௌனம். முருகனைவிட எனக்கு ஒரு மரியாதை கூடுதல் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. ஏன் பீற்றக்கூடாது? எந்த ஆபீசருக்கு அவன் பெண்டாட்டி அந்த மரியாதை கொடுத்தாள்?

இதையெல்லாம் அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவான் டாக்டர்?

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகன் ஆரம்பித்தான். குர்கானில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். டெல்லியில் பிறந்த பையன், தமிழில் பத்து நிமிஷம் பேசினாலே மூச்சு வாங்கும். குர்கான் பக்கத்தில் ஒரு ஹோம் இருக்கிறதாம், மறதிக்காரர்களுக்கென்றே. நர்ஸ் இருக்காம், தோட்டம் இருக்காம்.

"அம்மா ரெண்டு தடவை கேஸைத் திறந்து விட்டுட்டாங்க. ஒரு தடவை செருப்புகூட இல்லாம மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டாங்க. உங்களுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு. எப்படி மேனேஜ் பண்ணுவீங்க?"

"பதினெட்டுப் பேரை மேய்க்கிறேன். ஒருத்தியப் பாத்துக்க மாட்டனா?"

"அம்மாவுக்கு நீங்க யாருன்னே தெரியலப்பா. தெரிஞ்சா வீட்டுல வச்சுக்கறதுல ஒரு அர்த்தம் இருக்கு. தெரியலைன்னா அவங்களுக்கு எங்க இருந்தா என்ன?"

"அவளுக்குத் தெரியும்டா."

"அப்ப சொல்லட்டும். அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட் இருக்கு. உங்க பேரை ஒரே ஒரு தடவை சொல்லட்டும். அவங்களுக்கு உங்களைத் தெரியற வரைக்கும் நான் ஹோம் பேச்சே எடுக்க மாட்டேன். அச்சா?"

"அச்சா" என்றேன்.

பின் சீட்டில் அவள் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு மெட்ரோ பாலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைக் கேட்காமல், அவளை வைத்தே நான் பந்தயம் கட்டினேன். எத்தனையோ காண்ட்ராக்டில் எத்தனையோ கில்லாடிகள் என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள், நடக்கவில்லை. என் மகனிடம் ஒரு வார்த்தையில் ஏமாந்தேன். அந்த அச்சாவை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்து நான் வாத்தியார் ஆனேன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்வேன்.

"ஏ புள்ள, என் பேரு என்ன?"

"ஏன், உங்களுக்கு மறந்துபோச்சா?" என்று சிரிப்பாள்.

"வெளையாடாத. சொல்லு."

"சும்மா இருங்க காலங்காத்தால. உங்களுக்கு ஆகாது."

"ஆகும். எழுபத்தொண்ணு ஆச்சு. போனாப் போகுது, நீ சொல்லு."

முந்தானை வாய்க்குப் போகும். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சத்தம் வராது. நான் அதட்டுவேன். மேஜையைத் தட்டுவேன். பேரை நானே சொல்லி, பின்னால் சொல்லு என்பேன். அவள் காதைப் பொத்திக்கொள்வாள். சொல்லாவிட்டால் உன்னைக் கொண்டுபோய்க் குர்கானில் தள்ளிவிடுவான் உன் மகன் என்று பயமுறுத்தினேன். கொண்டுபோனால் கொண்டுபோகட்டும் என்றாள். ஒருநாள் அவள் கையைப் பிடித்து முந்தானையை வாயிலிருந்து இழுத்தேன். அவள் அழுதாள். "என் வாயாலயே உங்கள முடிச்சுவிடச் சொல்றீகளா" என்றாள். நான் அதற்கும் கத்தினேன். பகலில் வேலைக்கு வருகிற அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, அவங்களை விட்டுடுங்க" என்றாள். அவளிடமும் கத்தினேன்.

இரண்டு வாரம் இப்படி. மூன்றாவது வாரம் அவள் சிரிக்கிறதும் நின்றது, அழுகிறதும் நின்றது. நான் எதிரே வந்து உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்ப்பாள், ஏதோ ஆபீசில் வரிசையில் நிற்கிறவள் மாதிரி. பேர் என்ன என்று கேட்பேன். கேள்வி காதில் விழுந்தது தெரியும். பதில் வராது. கை மடியிலேயே கிடக்கும். முந்தானைக்குப் போகாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பிடிவாதம் குறைகிறது, இன்னும் நாலு நாளில் சொல்லிவிடுவாள் என்று சந்தோஷப்பட்டேன். கூலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான். அந்த லட்சணத்தில் இருந்தது என் கெட்டிக்காரத்தனம்.

டெஸ்ட் நாள் வந்தது. அதே டாக்டர், அதே தாள். கிழமை தெரியவில்லை. மாசம் தெரியவில்லை. நூறில் ஏழு போகவே இல்லை. கடைசியில் என்னைக் காட்டி, இவர் பேர் என்ன என்று கேட்டான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூச்சமே இல்லாமல், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி என் பேரைச் சொன்னாள்.

டாக்டர் "வெரி குட்" என்றான். மகன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அப்பா, யூ வின்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது, பொய் சொல்லக்கூடாது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

அந்தக் குரலை நான் நாற்பத்து நாலு வருஷம் கழித்துக் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் அண்ணன் ஆர்.கே.புரத்தில் கிளார்க். அண்ணன் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று ஒத்தாசைக்கு ஊரிலிருந்து வந்தவள் இவள். அந்த பிளாக்கில் எல்லோரும் பால்கனியிலிருந்து என் பேரைக் கத்தித்தான் கூப்பிடுவார்கள், சின்னப் பிள்ளைகள்கூட. இவளும் அதையே பிடித்துக்கொண்டாள். பேரைச் சொல்லி, "கூலர் ஒழுகுது, மேல வா" என்பாள். நான் அடைத்த கூலர் ஒழுகாது. போய்ப் பார்த்தால் புல்லை யாரோ விரலை விட்டு இழுத்து வைத்திருப்பார்கள். மறுபடி அடைப்பேன். நாலு நாளில் மறுபடி கூப்பிடுவாள். அந்த வெயில் முடிவதற்குள் பதினொரு தடவை அந்த ஒரு கூலரைச் சரி செய்தேன். அவள் அண்ணன், உனக்கு வேலை தெரியாது என்று என்னைத் திட்டினார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். வேலை தெரியாதவன் என்று என்னைச் சொன்ன ஒரே மனுஷர் அவர்தான், அதையும் அவளுக்காகத் தாங்கினேன். அப்புறம் பெரிய சண்டைக்குப் பின்னால் மலைமந்திரில் வைத்துத் தாலி கட்டினேன். கட்டிவிட்டுப் படியிறங்கும்போது, "ஏங்க, பாத்து எறங்குங்க" என்றாள். அன்றைக்கு நின்ற பேர் அது.

இப்போது சொல்கிறாள் என்றால், என்ன அர்த்தம் என்று டாக்டருக்குத் தெரியாது. என் மகனுக்குத் தெரியாது. அவள் மனசில் தாலி கட்டினவன் இல்லை. கூலர்காரன் இருக்கிறான். முந்தானைக்குப் பின்னால் சிரித்தாளே, அன்றைக்கு நான் அவள் புருஷன். அதற்கு சைபர் போட்டான். இன்றைக்கு நான் யாருமில்லை. இதற்கு மார்க் போட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தான்.

எனக்கு டாக்டர்மேல் கோபம், மகன்மேல் கோபம், அவர்கள் இரண்டு பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னை எங்கே வைத்து அறைவது? அவள் என்னைப் புருஷனாகத் தெரிந்திருந்த கடைசி நாட்கள் அவை. அதை நான் என்ன செய்தேன்? எதிரே உட்கார்ந்து கத்தினேன். அவளுக்கு இருந்த ஒரே ஞாபகம் அந்த மறுப்புதான். அதை அவள் கையைப் பிடித்து இழுத்துப் பிடுங்கப் பார்த்தேன். வியாதி தானாகத்தான் கொண்டுபோயிற்று என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது அவள் என்னிடம், "நீ ஏன் பின்னாலயே வர்ற?" என்றாள். பேரையும் சேர்த்துச் சொன்னாள். மகன் சிரித்தான்.

"அம்மா மாடர்ன் ஆயிட்டாங்கப்பா. என் ஒய்ஃப் என்னை அப்படித்தானே கூப்பிடுறா. அதுல என்ன இருக்கு?"

அவனிடம் என்னத்தைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் அவளைக் குர்கானுக்குக் கொண்டுபோவான். அவன் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு இப்போது ஹோம் பேச்சை எடுப்பதில்லை. அந்த விஷயத்தில் என் மகன் நாணயமானவன். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கடை போர்டில் இருக்கிற இந்தியைப் பார்த்துத்தான் என் பேரைப் படித்தான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாராவது அவனைக் கோயிலில் பார்த்தால் வாயைத் திறக்க வேண்டாம். மூன்று மாசத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வருகிறது. அவள் என் பேரைச் சொன்னால் வீட்டில் இருப்பாள். சொல்லாமல் முந்தானையைத் தேடினால், அவள் மறுபடி என் பெண்டாட்டி, ஆனால் குர்கானில். போன டெஸ்டுக்கு முதல்நாள் மலைமந்திரில் போய் நின்றேன். இதில் எதைக் கேட்பது என்று தெரியாமல் விபூதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். சாமிக்கும் அன்றைக்கு என்னிடம் நல்ல பேச்சு கிடைக்கவில்லை.

தினமும் ஐந்தரை மணி ஆனால் அவளுக்கு ஒரு பரபரப்பு வரும். "அண்ணன் ஆபீஸ் விட்டு வந்துரும். நீ கெளம்பு" என்பாள். முதல் நாள், இது என் வீடு, நான் கட்டின பணம், நான் வாங்கின சோபா, யாரைக் கிளம்பச் சொல்கிறாய் என்று கத்தினேன். அவள் பயந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கால் மட்டும் கீழே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கத்துவதில்லை. வேலைக்கார அம்மா ஏழு மணிவரை இருப்பாள். நான் கீழே போய் வாசல் கேட் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். இந்த சொசைட்டியில் சொந்த ஃபிளாட்டிலிருந்து தினமும் துரத்தப்படுகிற ஓனர் நான் ஒருவன்தான்.

நேற்றும் ஐந்தரைக்குச் சொன்னாள். நான் செருப்பை எடுக்கக் குனிந்தேன். திடீரென்று, "உனக்குக் கல்யாணம் ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"அட, சொல்லவே இல்லையே நீ. கட்டிக்கிட்ட புள்ள பேரென்ன?"

நானும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை. ஏ புள்ள என்றுதான் கூப்பிடுவேன். அவள் பேரைச் சொன்னேன்.

"என் பேரு" என்றாள். முகம் மலர்ந்தது. "நல்லாப் பாத்துக்கிறியா அவள?"

"பாத்துக்கிட்டேன். இப்பக் கொஞ்ச நாளா ரொம்பக் கத்திட்டேன்."

"ஏன் கத்துற? கத்துறவனுக்கு எவ சோறு போடுவா?" என்று அதட்டினாள். அப்புறம் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "போ, போ. பாவம், உன்னை எதிர்பாத்துக்கிட்டு இருப்பா. இங்க நின்னு எங்கூடப் பேசிக்கிட்டு இருந்தா அவளுக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பு காலில் ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கினேன்.